தோணிக்காரரின் இடது பக்கம்

பரீஹா என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவள் உம்மா ருக்சானாவுக்கு இன்றுவரை சரியாக விளங்கியதில்லை. "கம்ப்யூட்டர்ல பொம்ம வரையுதா" என்று மும்பை தாராவியில் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். அது முழுப் பொய்யும் இல்லை. செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் பதினோரு பேர் வேலை செய்கிற சின்ன வீடியோ கேம் கம்பெனி அது. விளையாடுகிறவர் தனக்கென்று ஒரு வேடத்தை எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய், வழியில் வருகிற ஆட்களிடம் பேசிப் பழகிக் கதையை நகர்த்த வேண்டும். வழியில் வருகிற அந்த ஆட்களை உண்டாக்குவது பரீஹாவின் வேலை. முகம், உடை, நடை, பேச்சு, கோபம், பிடிவாதம் எல்லாம் அவள் பொறுப்பு.

உள்ளதைச் சொன்னால் அவள் யாரையும் உண்டாக்கவில்லை, திருடினாள். தாராவியில் பிறந்து இருபத்தாறு வருடம் அங்கேயே வளர்ந்தவளுக்கு ஆட்களுக்கா பஞ்சம்? விளையாட்டில் வருகிற சூனியக்காரியின் விரல்கள், சந்து முனையில் பைகளுக்கு ஸிப் தைக்கிற பெண்ணின் விரல்கள். கோட்டைக் காவலன் தூங்குகிற தூக்கம், சயான் ஸ்டேஷனில் அவள் பார்த்த ஒரு போர்ட்டர் நின்றபடியே தூங்கின தூக்கம். இதெல்லாம் அந்த ஆட்களுக்குத் தெரியாது. தன் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று பரீஹாவுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அந்தக் கர்வம் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் விஷயம்.

புது விளையாட்டில் ஒரு தோணிக்காரர் வேண்டியிருந்தது. பனிமூட்டம் மூடிய காயலில் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோகிறவர். பரீஹா மூன்று தோணிக்காரர்களை வரைந்து கொடுத்தாள். மூன்றையும் முதலாளி திருப்பி அனுப்பினார். எல்லோரும் சினிமாவில் பார்த்த தாத்தாக்கள் மாதிரி இருக்கிறார்கள் என்றார். அந்தக் கம்பெனியில் முக்கியமான பாத்திரத்துக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். உயிரோடு இருக்கிற ஒருவரை ஏழு நாள் கூடவே இருந்து பார்க்க வேண்டும். அவர் செய்வதை எல்லாம் நோட்டில் எழுத வேண்டும், நடப்பதை மொபைலில் படம் பிடிக்க வேண்டும். ஆனால் ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த ஆள் உஷாராகி நடிக்க ஆரம்பித்துவிடுவார். பிறகு எழுதியது எதற்கும் உதவாது.

பரீஹா தன் வாப்பாவைப் பார்க்க முடிவு செய்தாள். அப்துல் ரவூப்புக்கு ஐம்பத்துநாலு வயது. திலக் நகரில் பதினாலு பிள்ளைகளை ஏற்றி மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்குகிற வேன் அவருடையது. இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். அவரும் ஆட்களை அக்கரை சேர்க்கிறவர்தானே?

ஏழு நாளும் நோட்டும் கையுமாக அவர் பின்னாலேயே அலைந்தாள். பிள்ளைகள் உஷாராகிவிடுவார்கள் என்று வேனுக்குள் மட்டும் ஏறாமல், பள்ளிக்கூட வாசலில் போய் நின்று பார்த்தாள். சந்தில் நடக்கும்போது இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார் என்று எழுதினாள். யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் கண்ணை ஓட்டாமல் தலையை முழுக்கத் திருப்புவார், அதில் ஒரு ராஜகளை இருக்கிறது என்று எழுதினாள். டீ கிளாஸை வலது பக்கம்தான் வைக்க வேண்டும், இடது பக்கம் வைத்தால் சத்தம் போடுவார். இடது பக்கம் நின்று சும்மா பார்த்தால் மதிக்கவே மாட்டார், குரல் கொடுத்த பிறகுதான் திரும்புவார். வேனின் இடது கண்ணாடி எப்போதும் உடைந்தே இருக்கும். மாற்றுவார், மறுபடி உடையும், எவனோ பைக் ஓட்டுறவன் தட்டிவிட்டான் என்பார். இதெல்லாம் தோணிக்காரருக்குப் போனது. உடைந்த கண்ணாடிக்குப் பதில் தோணியின் இடது விளக்கு உடைந்து தொங்கியது.

எல்லாவற்றையும் விட அவளுக்குப் பிடித்தது இறங்குகிற வழக்கம். வேனிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பிள்ளையும் வண்டிக்கு முன்னால் வந்து, பானட்டில் இரண்டு தட்டுத் தட்டி, தன் பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவர் "கேட்டாச்சு, போ" என்பார். அதற்குப் பிறகுதான் பிள்ளை கேட்டுக்குள் நுழையலாம். பதினாலு பிள்ளைகளின் பேரும் காதில் விழாமல் வண்டி நகராது. இந்த அக்கறை எந்த டிரைவருக்கு வரும் என்று திலக் நகர் அம்மாக்கள் எல்லோரும் சொன்னார்கள். விளையாட்டிலும் அப்படியே வைத்தாள். அக்கரையில் இறங்கினவர்கள் தோணியின் முகப்பில் இரண்டு தட்டுத் தட்டிப் பேர் சொல்ல வேண்டும். பனிக்குள்ளிருந்து "கேட்டாச்சு, போ" என்று குரல் வரும். முதலாளி அதை நாலு தடவை போட்டுப் பார்த்தார். இந்த விளையாட்டின் உயிரே இந்த ஆள்தான் என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஞ்சு அவள் மேஜைக்கு வந்தான். கம்பெனியில் விளையாட்டைச் சோதித்துக் குற்றம் கண்டுபிடிக்கிறவன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன், வாய் கொஞ்சம் நீளம், வேலையில் சுத்தம்.

"பரீஹா, உன் தோணிக்காரருக்கு இடது பக்கம் வேலையே செய்யலை. பக்கத்துல போய் நின்னேன், கத்தியை உருவினேன், டான்ஸ்கூட ஆடினேன். மனுஷன் திரும்பலை. பக்-னு எழுதிட்டேன், சரி பண்ணச் சொல்லு."

"அது பக் இல்ல பஞ்சு, நான்தான் அப்படி எழுதிக் குடுத்தேன். எங்க வாப்பா அப்படித்தான்" என்று சிரித்தாள் பரீஹா.

பஞ்சு சிரிக்கவில்லை. "அப்படித்தான்னா?"

பெருமையாக மொபைலை எடுத்து, சந்தில் வாப்பா நடக்கிற படத்தைக் காட்டினாள். அவன் ஒரு தடவை பார்த்தான். திரும்பவும் போட்டுப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"எங்கம்மாவும் இப்படித்தான் நடந்தா. மாட்டுங்கா வீட்டுச் சுவரெல்லாம் அவ கை அழுக்கு. வயசாச்சுன்னு நினைச்சோம். கடைசில பார்த்தா கிளாக்கோமா. வலிக்காது, கண்ணு சிவக்காது. ஓரத்துலேர்ந்து பார்வை போயிண்டே இருக்கும். போனது திரும்ப வராது. கண்ணைக் காட்டியிருக்காரா?"

"இல்ல… அப்படி ஒண்ணும் சொன்னதில்லையே."

"என்ன வேலை பண்றார்?"

"ஸ்கூல் வேன் ஓட்டுதாவ" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த நோட்டைத் திறந்தாள். தன் கையெழுத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. சுவரைத் தடவுவார். தலையை முழுக்கத் திருப்புவார். இடது பக்கம் வைத்தால் சத்தம் போடுவார். இடது கண்ணாடி எப்போதும் உடைந்தே இருக்கும். ஒரு டாக்டர் உட்கார்ந்து எழுதினாலும் இதற்கு மேல் எழுத முடியாது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் "அழகு", "அருமை" என்று அவளே பச்சை மையில் குறித்துவைத்திருந்தாள்.

தாராவிச் சந்தில் யார்தான் சுவரைத் தொடாமல் நடக்கிறார்கள் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். நாலு அடிச் சந்து, மேலே வயர், கீழே சாக்கடை மூடி. எல்லோரும் கை வைத்துத்தான் நடக்கிறார்கள். அதனால்தான் வீட்டில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அந்தச் சமாதானமும் போயிற்று. பானட்டில் இரண்டு தட்டு. அந்த வழக்கம் எப்போது ஆரம்பித்தது? இரண்டு வருடத்துக்கு முன்னால், ரமலான் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். அதற்கு முன்னால் இருபது வருடம் எந்தப் பிள்ளையும் எதையும் தட்டியதில்லை. பிள்ளைகள் இறங்குவது இடது பக்கக் கதவில். இறங்கின பிள்ளையைப் பார்க்க முடிகிறவர் எதற்குப் பேர் கேட்க வேண்டும்?

வாப்பாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஓட்டுகிறார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகத் தன் வாப்பாவை நினைத்தே அவளுக்குப் பயம் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கீழே உட்கார்ந்து உம்மாவிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பரீஹா டீயை ஊற்றி எடுத்துக்கொண்டு, அவருடைய இடது பக்கமாகப் போய், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் குனிந்து நின்றாள். பேசவில்லை. அவர் மூச்சுவிடுவது அவளுக்குக் கேட்டது. கன்னத்தில் ஷேவிங்கில் தப்பிய இரண்டு நரைமுடி தெரிந்தது. கிளாஸிலிருந்து ஆவி அவர் காதுப் பக்கம் போனது. அவர் மிட்டி நதியில் தண்ணீர் ஏறினதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். திரும்புங்க வாப்பா, ஒரு தடவை திரும்பித் திட்டுங்க என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"ஏட்டி, என்ன செல மாதிரி நிக்க?" என்றாள் உம்மா.

அவர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். முழங்கை பட்டு டீ பாயெல்லாம் கொட்டியது. "சத்தம் குடுத்துட்டு வரப்படாதா? திருட்டுப் பூன மாதிரி வந்து நிக்க!" என்று கத்தினார். அவருடைய உதடு நடுங்கியதை பரீஹா பார்த்தாள். அவரும் பயந்திருக்கிறார்.

அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரே என்று அவள் கேட்கவில்லை. பஞ்சு சொன்னது தப்பாக இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. சரியாக இருந்தால் இந்த மனிதரிடமிருந்து வேனைப் பிடுங்குகிறவள் தானாக இருக்க வேண்டுமே என்ற கலக்கம். கெட்டிக்காரி என்று பேர் வாங்கினவள், ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் இல்லாமல் துணியை எடுத்துப் பாயைத் துடைத்தாள்.

"நாளைக்கு நானும் வேன்ல வாரேன் வாப்பா."

"இன்னும் படம் புடிச்சு முடியலையா ஒனக்கு?" என்றார் அவர். ஏனோ அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

மறுநாள் காலை ஆறரைக்குத் திலக் நகரில் முதல் பிள்ளை ஏறியது. முன்னால் இடது சீட்டில் பரீஹா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அக்ஷரா என்கிற ஒன்பது வயதுப் பெண் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அந்த சீட் கண்டக்டர் சீட்டாம். வாரத்துக்கு ஒரு பிள்ளை அங்கே உட்கார்ந்து, அங்கிள் கேட்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் வண்டி வருகிறதா என்று பார்த்து, போகலாம் என்றால் "ஜானே தோ!" என்று கத்த வேண்டுமாம். இந்த வாரம் அவள் முறையாம்.

"இன்னைக்கு அக்கா கண்டக்டர்" என்றார் வாப்பா.

வண்டி சயான் பக்கம் திரும்பும்போது அவர் சாதாரணமாகக் கேட்டார்: "அந்தப் பக்கம் எவனும் வாரானா?"

பரீஹா ஜன்னல் வழியே பார்த்தாள். ஒரு ஆட்டோ கதவை உரசுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. "ஆட்டோ வாப்பா! ஆட்டோ!" என்று அலறினாள். அவர் நிதானமாக விட்டுக்கொடுத்தார். நேற்றுவரை இந்த ஆட்டோவைப் பார்த்துச் சொன்னது ஒன்பது வயதுப் பெண். அதற்கு முந்தின வாரம் ஏழு வயதுப் பையனாக இருக்கும். பின்னால் பதினாலு பேரும் பாடிக்கொண்டு வந்தார்கள். மாட்டுங்கா வரும்வரை பரீஹா கண்ணை மூடவில்லை. ஸ்கூட்டர், சைக்கிள், பால்காரன், நாய் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். கேட்காததையும் சொன்னாள். அவர் ஒரு தடவைகூட, ஏன் இவ்வளவு கத்துகிறாய் என்று கேட்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் வண்டியை ஓரம் கட்டினார். பிள்ளைகள் இடது கதவில் குதித்து இறங்கி முன்னால் ஓடி வந்தார்கள். தட், தட். பேர். "கேட்டாச்சு, போ." தட், தட். பேர். "கேட்டாச்சு, போ." விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு அவர் காதால் எண்ணுவதை இப்போதுதான் பரீஹா பார்த்தாள். அவளும் கூடவே எண்ணினாள். பதினொன்று, பன்னிரண்டு. அக்ஷரா வந்தாள். இரண்டு தட்டுத் தட்டித் தன் பேரைச் சொன்னாள். மணி அடித்துவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, அவளே இன்னும் இரண்டு தட்டுத் தட்டி, "ஈரா!" என்று தன் தங்கையின் பேரையும் சேர்த்துக் கத்திவிட்டு கேட்டைப் பார்த்து ஓடினாள்.

"கேட்டாச்சு, போ" என்றார் வாப்பா. பதினாலு. கியரைப் போட்டார்.

பரீஹா இடது கண்ணாடியைப் பார்த்தாள். விரிசல் விட்டிருந்த அந்தக் கண்ணாடியில், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன முதுகும் அதில் ஒரு பையும் தெரிந்தன. ஈரா குனிந்திருந்தாள். அவளுடைய கை சக்கரத்துக்கு முன்னால் நீண்டிருந்தது.

வாப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வண்டி நகர்ந்தது. அவள் எட்டி ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. அதே நேரம் கீழே எதுவோ படாரென்று நொறுங்குகிற சத்தம் கேட்டது.

என்ன நொறுங்கியது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. கதவைத் திறந்து கீழே குதிக்கிற அந்த ஒரு கணம் முழுக்க அவளுக்குத் தெரியாது. யா அல்லா, யா அல்லா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஈரா தரையில் உட்கார்ந்திருந்தாள். கை முழுசாக இருந்தது. சக்கரத்துக்கு அடியில் ஒரு நீலநிறத் தண்ணீர் பாட்டில் தட்டையாகிக் கிடந்தது. "என் பாட்டில்!" என்று உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். பரீஹா அவளைத் தூக்கி, இரண்டு கையையும் விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவிப் பார்த்தாள். பிறகு வாட்ச்மேன் வந்து பிள்ளையை உள்ளே கூட்டிப் போகும்வரை விடவே இல்லை.

திரும்பி வந்து சீட்டில் ஏறினபோது வாப்பா ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எந்தப் புள்ள?"

"ஈரா. ஒண்ணும் ஆகல வாப்பா. பாட்டில்தான்."

"பேர் சொன்னாளே. பதினாலும் சொல்லிச்சே."

"அவ சொல்லல. அக்ஷரா அவளுக்கும் சேத்து சொல்லிட்டா."

எதிர்ப் பக்கம் பூக்கடையில் யாரோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு வருசமாச்சு" என்றார். "ஒரு டாக்டர்ட்ட போனேன். இடது கண்ணு போச்சு, மத்ததையாவது காப்பாத்தணும், சொட்டு மருந்து போடுங்க, வண்டியத் தொடாதியன்னாரு. மருந்துச் சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டேன். புள்ளைகள பேர் சொல்லச் சொன்னா சமாளிச்சுரலாம்னு நெனச்சேன். தெனம் காலைல பயந்து செத்துதான் வண்டிய எடுப்பேன்."

பரீஹா அழுதுகொண்டிருந்தாள். "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா வாப்பா?"

"நீ நோட்ட எடுத்துக்கிட்டு எம் பின்னாலயே வந்தியே, ஏழு நாளு." அவர் அவள் பக்கம் தலையை முழுக்கத் திருப்பினார். "எம் புள்ள கண்டுபுடிச்சுட்டான்னு நெனச்சேன். இன்னைக்குக் கேப்பா, நாளைக்குக் கேப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ கேட்டா சாவிய ஒங் கையில குடுத்துரணும்னு துவாகூட செஞ்சேன். நீ கேக்கவே இல்லையே மவளே. இன்னொரு தடவ நடங்க வாப்பா, அழகா இருக்குன்னு சொன்ன."

ஏன் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனியில் சட்டம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவள் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

அவர் மொபைலை எடுத்தார். மாட்டுங்காவில் இன்னொரு வேன் ஓட்டுகிற காசிராஜனைக் கூப்பிட்டு, மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சொன்னார். வண்டியையும் வந்து எடுத்துக்கோ, இனி நான் ஓட்டலை என்றார். போனை வைத்துவிட்டு, "ஈரா அம்மாட்ட நானே போய் சொல்லுதேன். நீ சொல்லாண்டாம்" என்றார். சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தார். கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

தட், தட்.

பரீஹா முகத்திலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள். வண்டிக்கு முன்னால், பிள்ளைகள் நிற்கிற அதே இடத்தில், பானட்டின் மேல் கையை வைத்தபடி அவர் நின்றிருந்தார்.

"அப்துல் ரவூப்" என்றார் சத்தமாக. "எறங்கியாச்சு."

பதிலுக்காக அவர் அங்கேயே நின்றார்.

"கேட்டாச்சு, வாப்பா" என்றாள். 'போ' என்று சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.